வீடு தேடிச் செல்லும் பணி: தாய்மார் எங்களுக்குக் கற்பித்தவை

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் மாலை, தாய்மார் அரங்கில் கழகத்தின் மகளிர் பகுதி சார்பில் ஆற்றிய உரை)



கல்விக்கென்று அமைந்த ஒரு கழகத்தின் விழாவில் பால்குடிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று குழுவில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எங்களையும் இப்பணிக்கு இழுத்து வந்தது பால்குடிப் பிள்ளையன்று. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடே ஆகும்.

கழகம் தொடங்கிய காலம் எப்படிப்பட்டது என்பதை மூத்தவர்கள் அறிவீர்கள். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகள் உழைப்பதைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயத் தொழிலில் பிள்ளையை வைத்த முதலாளி, பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நலநிதியில் கட்ட வேண்டும் என்றும், அந்தக் குடும்பத்தில் வளர்ந்தவர் ஒருவருக்கு வேலை தர அரசு முயல வேண்டும், இயலாவிடில் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1986-இல், குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்திருந்தது. ஆலையிலிருந்து வெளியேறிய பிள்ளைகளைப் புத்தகத்தின் பக்கம் திருப்ப வேண்டும் என்பதற்காகவே நம் முன்னோடிகள் மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு மாலைப் பள்ளி நடத்தினார்கள்.

பையன்கள் வந்தார்கள். பெண்பிள்ளைகள் ஒரு வாரம் வருவார்கள், இரண்டு வாரம் வரமாட்டார்கள். ஆலைக்குத்தான் மீண்டும் அனுப்பிவிட்டார்களோ என்ற ஐயத்துடன் வீடுவீடாகப் போனோம். அந்தப் பெண்கள் வீட்டிலேயே இருந்தார்கள். ஒன்பது வயதுப் பெண்ணின் இடுப்பில் ஒன்பது மாதக் குழந்தை இருந்தது. தாய் ஆலைக்குப் போயிருந்தாள். சட்டம் அந்தச் சிறுமியை ஆலையிலிருந்து வெளியே கொணர்ந்தது. தொட்டில் அவளை வீட்டுக்குள்ளே நிறுத்திவிட்டது. பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று நாங்கள் போட்ட குறி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கைக்குழந்தை இருந்ததை அன்று கண்டோம். ஆகவே, அந்தப் பெரியவருக்கு எங்கள் விடை இதுதான்: பெண்பிள்ளை பள்ளிக்கு வர வேண்டுமானால் அவள் இடுப்பிலுள்ள பிள்ளைக்கு நாம் ஒரு வழி சொல்லியாக வேண்டும்.

இனி நம் தாய்மாரின் ஒரு நாளைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று, மறு ஆண்டு ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள் என்பது இவ்வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் வரலாறு. பின்னர்ப் பட்டாசும் அச்சும் சேர்ந்து வளர்ந்தன. மழை பொய்த்த கரிசல் காட்டில் கூலிக்கு நின்ற நம் மக்களுக்கு இத்தொழில் சோறு போட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தச் சோற்றின் கணிசமான பங்கு பெண்களின் கையால் வந்ததே. தீப்பெட்டியில் கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும், பட்டாசில் குழாய் உருட்டுவதும் சரம் பின்னுவதும் பெண்களின் வேலை. பெரும்பாலும் உருப்படிக் கூலி. அதிகம் செய்தால் அதிகம் கிடைக்கும். பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்தால் அந்த நேரத்துக்கு உருப்படி குறையும். விடியுமுன் எழுந்து, பொங்கி வைத்து, தண்ணீர் பிடித்து, ஆலை வண்டி தெருமுனைக்கு வருவதற்குள் ஓட வேண்டும். திரும்புவது மாலையில். சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பு.

இந்த நாளுக்குள் எந்த மணியில் ஒருவர் வந்து குழந்தை வளர்ப்பைப் பற்றி அவளோடு பேச முடியும்? எங்கள் உரை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வரும்.

வீடு தேடிச் சென்று தாய்க்குத் துணை நிற்கும் வேலை நம் நாட்டுக்குப் புதிதன்று. மருத்துவச்சியும் கிராமச் செவிலியும் நெடுங்காலமாக நடந்த வழிதான் அது. ஆயினும், அதனை ஒரு பெரிய திட்டமாகவே எடுத்து நடத்திய பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியது. பின்னர் அது விரிந்த மாவட்டங்களில் இராமநாதபுரமும் ஒன்று. விருதுநகர் மாவட்டம் 1985-இல்தான் பிரிந்தது. அதுவரை சிவகாசியும் சாத்தூரும் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவையே.

அத்திட்டத்தின் முறையை அறிந்தோர் இன்று குறைந்து வருவதால் சற்று விரிவாகச் சொல்கிறோம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் மாதந்தோறும் நிறுத்து, எடையை ஓர் அட்டையில் புள்ளியாகக் குறித்துக் கோடு இழுப்பார்கள். கோடு மேலேறினால் நன்று. ஏறாமல் நின்றாலோ சாய்ந்தாலோ, அந்தப் பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை தருவார்கள். எடை தேறியதும் நிறுத்திவிடுவார்கள். எல்லாப் பிள்ளைக்கும் சோறு போடுவது நோக்கமன்று. எந்தப் பிள்ளை நலிகிறது என்பதைத் தாயே கண்டு கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். இதற்கென அமர்த்தப்பட்ட பணிப்பெண்ணை வெளியூரிலிருந்து அழைத்து வராமல், அந்தந்த ஊரிலேயே, தன் பிள்ளையை நன்றாக வளர்த்துக் காட்டிய ஏழைத் தாய் ஒருத்தியாகத் தேட வேண்டும் என்று விதித்திருந்தார்கள். இவ்விதியை வகுத்தவர் எவராயினும் அவர் தாய்மாரின் மனம் அறிந்தவர் என்றே நாங்கள் கருதுகிறோம்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்தது. 1975-இல் நடுவண் அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளோடு இவையெல்லாம் காலப்போக்கில் இணைந்து, நாம் இன்றும் பால்வாடி என்றே அழைக்கும் அங்கன்வாடியாக நிலைபெற்றன. 2022-இல் ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ என்ற திட்டம் மிகவும் நலிந்த பிள்ளைகளைத் தேடி வந்தது. முதியோரின் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டு முதல் வாசலுக்கே வருகிறது. ஆகவே, ‘அரசு எதுவும் செய்யவில்லை’ என்று பேசுவது எங்கள் வழக்கமன்று. செய்தது நம் தெருவின் கடைசி வீட்டுக்குள் எப்படி நுழைந்தது, எங்கே நின்றுவிட்டது என்பதைத் தாய்மார் வாய்ச்சொல்லாகக் கேட்டறிந்து இங்கே வைக்கிறோம்.

முதலில் காலம். தாய்மார் பலரும் ஒரே குரலில் சொன்னது, வருகிறவர்கள் பகலில் வருகிறார்கள் என்பது. அவர்கள்மேல் குற்றமில்லை, அவர்களுடைய வேலை நேரம் அது. ஆனால், பகலில் வீட்டில் இருப்பது பாட்டி. பாட்டி இல்லாத வீட்டில் பூட்டு. ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. மூன்று முறை இவ்வாறு எழுதினால் நான்காம் முறை ‘தாய் ஒத்துழைக்கவில்லை’ என்று அது மாறிவிடுகிறது. ஒரு தாய் எங்களிடம் சொன்னாள்: “நான் ஒத்துழைக்காமல் எங்கே போனேன்? பத்து மணி நேரமாகத் திரி வைத்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தேன்.” பூட்டைப் பார்த்து எழுதிய அந்தச் சொல், பின்பு எந்த உதவிக்குப் போனாலும் அவளுக்கு முன்னே போய் நிற்கிறதாம்.

பாட்டியிடம் சொன்ன செய்தி தாயிடம் வந்து சேரும்போது உருமாறிவிடுகிறது. ‘ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டாம்’ என்பது மருத்துவர் கூற்று. அது நல்ல கூற்று. பாட்டிக்கோ கையில் தாயில்லை, குழந்தை அழுகிறது. ஆலை கிளம்புமுன் பாலைப் பீச்சி வைத்துவிட்டுப் போகலாம் என்று ஒருமுறை நாங்களே அறிவுரை கூறினோம். அந்தத் தாய் சிரித்துவிட்டாள். சித்திரை மாதத்தில், தகரக் கூரையின் கீழ், எங்கே வைப்பது என்று கேட்டாள். நாங்கள் வாயடைத்துத் திரும்பினோம். மூன்றாம் மாதத்திலேயே ஆலைக்குத் திரும்பிய தாயிடம் ஆறு மாதக் கணக்குச் சொல்வதற்கு எங்களுக்கு அதன்பின் கூச்சமாகவே இருந்தது. 1987 முதல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் வழங்கப்பட்டு வரும் மகப்பேற்று உதவி, தொடக்கத்தில் 300 ரூபாயாக இருந்து பின்னர் 18,000 வரை உயர்ந்தது. கடனும் வைத்தியமும் போக அது எத்தனை மாதம் அவளை வீட்டில் இருத்தும் என்பதைத் தாய்மார்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மாலையில் வந்தாலும் தாய் உடனே பிள்ளையைத் தூக்குவதில்லை. இதனை நாங்கள் முதலில் தவறாகப் புரிந்துகொண்டோம். குழந்தை தவழ்ந்து வருகிறது, கை நீட்டுகிறது, அவள் விலகிப் போகிறாள். எங்களில் ஒருவர், “பாசமில்லாத பொம்பளை” என்று திரும்பும் வழியில் சொல்லியும்விட்டார். பின்னரே தெரிந்தது: அவள் கையிலும் சேலையிலும் அலுமினியப் பொடி. சேலை மாற்றி, சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவிய பிறகே பிள்ளையைத் தொடுவாள். யாரும் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை; அது அவளே வகுத்துக்கொண்ட நெறி. குழந்தை அழும் அந்தக் கால் மணி நேரத்தைத் தாங்கிக்கொள்ள எவ்வளவு பாசம் வேண்டும் என்பதை அந்தச் சொல்லைச் சொன்னவரே இன்று இந்த மேடையில் அமர்ந்துகொண்டு எண்ணிப் பார்க்கிறார்.

அடுத்து, வாசல். இதைப் பேசாமல் விட்டால் இந்த மலரில் நம் உரை இடம்பெறுவதில் பொருளில்லை. பல ஊர்களில் மையம் ஊருக்குள் இருந்தது. நாம் காலனியில் இருந்தோம். வரும் பெண்மணி நம் தெருமுனை வேப்பமரம் வரை வருவார். அங்கே நின்று, ஒரு சிறுமியை அனுப்பித் தாய்மாரை அழைப்பார். தராசு மரக்கிளையில் தொங்கும். பிள்ளைகளை எடுத்துக்கொண்டு நாம் போக வேண்டும். எடை பார்ப்பார், அட்டையில் குறிப்பார், போய்விடுவார். அந்த ஏடுகளில் இதுவும் ‘வீட்டுச் சந்திப்பு’ என்றே பதிவாகியிருக்கும். வீட்டுக்குள் வராதவர்க்கு அந்த வீட்டில் வெளிச்சம் இல்லை என்பதும், அடுப்பு தொட்டிலுக்கு அருகில் இருக்கிறது என்பதும், பிள்ளைக்கு வைத்த கஞ்சியை மூடத் தட்டு இல்லை என்பதும் எப்படித் தெரியும்? மூத்த தாய் ஒருவர் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு பணிப்பெண்ணை நினைவில் வைத்திருக்கிறார். அவர் என்ன அறிவுரை சொன்னார் என்பது மறந்துவிட்டது. வெயிலில் வந்தவர் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார் என்பதுதான் நினைவில் இருக்கிறது. அதன் பிறகே அவர் சொன்னபடி தடுப்பூசி போட அழைத்துப் போனதாகச் சொன்னார்.

ஊராரைக் குறை சொல்லும்போது நம் முதுகையும் நாம் திருப்பிப் பார்க்க வேண்டும். நம் கழகத்திலிருந்து புறப்பட்ட பெண்களிலும் சிலர், நம்மினும் தாழ்ந்தவர் என்று நம்மவரே ஒதுக்கும் தெருவுக்குப் போகத் தயங்கினார்கள். ‘அந்தத் தெருவில் நாய் தொல்லை’ என்றார்கள். நாய் எல்லாத் தெருவிலும் இருந்தது. இரண்டு ஆண்டுகள் அந்தத் தெருவின் பக்கம் எங்கள் ஏட்டில் வெறுமையாகவே கிடந்தது. பின்னர் அத்தெருவிலிருந்தே ஒரு பெண்ணைப் பணிக்கு எடுத்தோம். அவரைப் பிற தெருக்களுக்கும் அனுப்பினோம். முதல் மாதம் முணுமுணுப்பு இருந்தது. இன்று பல வீடுகளில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் அவரையே தேடுகிறார்கள். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளை யாரும் திருப்பித் தர முடியாது என்பதற்காகச் சொல்கிறோம்.

மூன்றாவதாக, குறிப்பேடு. பணியின் தொடக்கத்தில் நாங்கள் ஏடும் எழுதுகோலுமாகப் போனோம். பிள்ளை எத்தனை மாதம்? எத்தனை ஊசி? காலையில் என்ன கொடுத்தாய்? கேட்டுக்கேட்டு எழுதினோம். தாய்மாரும் நாம் கேட்க விரும்பும் பதிலையே சொன்னார்கள். கீரை, பருப்பு, முட்டை என்று எழுதி எழுதி எங்கள் ஏடு கொழுத்தது; பிள்ளை இளைத்தே இருந்தது. எடை பார்த்தால் கண்ணேறு படும் என்று அஞ்சியும், இளைத்த பிள்ளையைக் காட்டினால் தன்னைக் குறை கூறுவார்கள் என்று வெட்கியும் பிள்ளையைப் பின்வீட்டில் கொடுத்துவிட்டு ‘தூங்குகிறது’ என்று சொன்னவர்களும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பல நாளுக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீர் அன்று வந்துவிட்டது. நாங்கள் கேள்வியை ஆரம்பித்ததும் அந்தத் தாய் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னாள்: “அக்கா, எழுதுறது இருக்கட்டும். இவனை ஒரு நாழி வச்சுக்கிறீங்களா? நான் தண்ணி பிடிச்சிட்டு வந்திடுறேன்.” பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டோம். ஒரு நாழி அன்று ஒன்றரை மணி நேரமாயிற்று. அந்த ஒன்றரை மணி நேரத்தில், ஆறு மாதங்களாக ஏட்டில் எழுதியும் அறியாததைக் கையால் அறிந்தோம். பிள்ளைக்கு இடது காதில் சீழ். சத்தம் கேட்டால் திரும்பவில்லை. உடம்பு லேசாகக் கொதித்தது. தாய் குடங்களை நிரப்பி வந்ததும் அதைச் சொன்னோம். அவளும் முன்பே கவனித்திருந்தாள். ஒரு நாள் கூலியை இழந்து யாரிடம் காட்டுவது என்று தள்ளிப் போட்டிருந்தாள். மறுநாள் எங்களில் ஒருவர் பிள்ளையோடும் பாட்டியோடும் அரசு மருத்துவமனைக்குப் போய் வந்தார். தாய் ஆலைக்குப் போனாள், கூலியும் போகவில்லை. அன்று முதல் ஏட்டைப் பையிலேயே வைத்துவிட்டோம். வீட்டில் நுழைந்ததும் நாங்கள் கேட்பது, “பிள்ளையைக் கொடு தாயி, உனக்கு என்ன வேலை இருக்கிறது, பார்” என்பதுதான்.

பிள்ளையைக் கையில் வாங்கினால் அதனோடு விளையாடவும் வேண்டுமல்லவா? இங்கே கடல் கடந்த ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறோம். ஜமைக்கா என்ற தீவு நாட்டில், கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், 1986-87 காலத்தில் சாலி கிராந்தம்-மக்கிரிகர் என்ற மருத்துவ அறிஞரின் குழுவினர் ஓர் ஆய்வைத் தொடங்கினர். வயதுக்கேற்ற உயரம் இல்லாத, 9 முதல் 24 மாத வயதுடைய 129 பிள்ளைகள் அதில் இடம்பெற்றனர். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு, மருத்துவர் அல்லாத சாதாரண சுகாதாரப் பணிப்பெண்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வந்தார்கள். இரண்டு ஆண்டுகள். வந்து, தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடக் கற்றுக்கொடுத்தார்கள். விளையாட்டுப் பொருள் எல்லாம் வீட்டில் கிடக்கும் பொருள்களால் செய்தவை. இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கணக்கெடுத்தபோது, அவ்வாறு விளையாடப் பெற்றவர்களின் ஊதியம் மற்றவர்களைவிட 25 விழுக்காடு உயர்ந்திருந்ததாக 2014-இல் வெளியிட்டார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேர விளையாட்டு, இருபது ஆண்டு கடந்து கூலியில் தெரிந்திருக்கிறது!

இதைப் படித்ததும் நாங்களும் உற்சாகமாகக் கிளம்பினோம். நம் வட்டாரத்தில் மலிந்து கிடப்பது தீப்பெட்டிதானே என்று, ஒட்டி முடித்துக் குவித்திருந்த மேல்பெட்டியையும் அடிப்பெட்டியையும் எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிக் காட்டினோம். தாய் மெல்ல வந்து பிள்ளை கையிலிருந்து அவற்றை வாங்கிக்கொண்டாள். “கணக்குக் குறையும், அக்கா” என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நாம் விளையாட்டுப் பொருள் என்று எடுத்தது அவள் இரவு கண்விழித்து ஒட்டிய கூலி. பிறகு தேங்காய்ச் சிரட்டையும் புளியங்கொட்டை போட்டு மூடிய டப்பாவும் கொண்டு போனோம். கைவீசுதலும் சாய்ந்தாடுதலும் நம் பாட்டிமாருக்குத் தெரியாதவையா? பாட்டியிடம் கேட்டு நாங்கள் கற்றுக்கொண்டவையே அதிகம்.

மராட்டிய மாநிலத்துக் கட்சிரோலியிலும் இதுபோன்ற ஒரு பாடம் உண்டு. அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் 1990-களில் அங்குள்ள சிற்றூர்ப் பெண்களுக்கே பயிற்சியளித்து, பிறந்த குழந்தையை வீட்டிலேயே சென்று கவனிக்கச் செய்தார்கள். எடை பார்ப்பது, சூடு குறையாமல் பொதிவது, மூச்சைக் கவனிப்பது, தேவைப்பட்டால் ஊசி போடுவது வரை அந்தப் பெண்கள் செய்தார்கள். பிறந்த மாதத்திலேயே இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை அவ்வூர்களில் வெகுவாகக் குறைந்தது. 1999-இல் ‘லான்செட்’ இதழில் அது வெளிவந்த பின்னரே பெரிய மருத்துவர்களும் நம்பினார்கள். படிப்புக் குறைந்த சிற்றூர்ப் பெண் எதைச் செய்ய முடியும் என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறோம்.

இவ்விடத்தில் ஒரு சிலர், ‘வீட்டுக்குப் போய்ப் பேசினால் போதுமா? ஆலையிலேயே தொட்டில் கட்டக் கூடாதா?’ என்று கேட்கலாம். கட்டத்தான் வேண்டும். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. ஆனால், வெடிமருந்து இருக்கும் வளாகத்துக்குப் பிள்ளையைத் தூக்கிச் செல்ல எந்தத் தாயின் மனம் துணியும்? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேரையும், 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோரையும் இழந்த வட்டாரம் இது. ஆகவே, காப்பகம் ஆலைக்குள் இல்லாமல் நம் குடியிருப்பில், ஆலை வண்டியின் நேரத்துக்குத் திறந்து மூடுவதாக இருக்க வேண்டும் என்பதே தாய்மாரின் கோரிக்கை. 2022 முதல் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி வந்தபின் மூத்த பிள்ளையைப் பற்றிய கவலை ஒருவாறு தணிந்தது என்று பலர் சொன்னார்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கோ அந்தக் காலை இன்னும் விடியவில்லை.

தொழிலாளித் தாயின் ஓய்வுக்குச் செலவு செய்ய வேண்டியவர் யார் என்ற கேள்வியை அண்ணல் அம்பேத்கர் 1928-லேயே பம்பாய்ச் சட்டமன்றத்தில் எழுப்பினார். ஆலைப் பெண்களுக்கான மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியபோது, தாயின் நலம் நாட்டின் நலமாதலால் அரசும், அவள் உழைப்பால் பயன் பெறுவதால் முதலாளியும் அச்சுமையை ஏற்க வேண்டும் என்று வாதிட்டார். மறு ஆண்டே அது சட்டமாயிற்று. அவர் படத்துக்கு நாம் மாலை அணிவிக்கும்போது இதனையும் நினைவிற்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் கூறிவிடுகிறோம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தபின் ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்தன. அப்போது நாங்கள் எந்த நேரம் போனாலும் வீட்டில் தாய் இருந்தாள்; பூட்டே இல்லை. ஆனால், உலையும் இல்லை. அம்மாதங்களில் குழந்தை வளர்ப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேச எங்களுக்கு வாய் வரவில்லை. இருப்பதைப் பங்கிட்டுச் சத்துமாவு கிளறிக் கொடுத்துவிட்டு வந்தோம். தாய் வீட்டில் இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அம்மாதங்களை நம்மோடு நடந்து பார்த்திருக்க வேண்டும்.

இனி விழாக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம். வெள்ளி விழா நிதியைக் கொண்டு கழகத்தின் நுழைவாயிலில் நினைவு வளைவு எழுப்புவது என்று ஒரு கருத்து முன்வைக்கப்பட்டுள்ளது. வளைவு அழகாகத்தான் இருக்கும். முன்னோடிகளின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட வேண்டியவையே. ஆயினும், இன்று வீடுவீடாகச் செல்லும் எங்கள் பெண்கள் வழிச்செலவுக்கும் போதாத தொகையைப் பெற்றுக்கொண்டு போகிறார்கள். அவர்களும் உருப்படிக் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்களே. தெருவுக்கு ஒரு பெண்ணை, அந்தத் தெருவிலிருந்தே, மாத ஊதியத்தில் அமர்த்தி, மாலை ஐந்து முதல் எட்டு வரையும் ஞாயிறு முழுவதும் பணி செய்ய வைக்க வேண்டும் என்று கேட்கிறோம். காலையில் ஆலை வண்டி கிளம்பும் முன் திறக்கும் ஒரு சிறு காப்பகத்துக்கு மாலைப் பள்ளிக் கூடத்தையே பகலில் தரலாம். முன்னோடிகளின் பெயர்களை அதன் சுவரில் எழுதலாம்.

இதன்மீது முடிவெடுக்கும் பொதுக்குழு வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடுகிறது. உறுப்பினராயுள்ள தாய்மார் பலர் இருந்தும், கை தூக்குவதற்குச் சென்ற முறை எட்டுப் பேரே வந்திருந்தீர்கள். காரணம் எங்களுக்குத் தெரியும்; அன்று தண்ணீர் வந்துவிட்டது. இம்முறையும் அப்படி நேர்ந்தால் தெருமுனையில் சொல்லி அனுப்புங்கள். எங்களில் நால்வர் கூட்டத்துக்குப் போகாமல் காலனியிலேயே இருப்போம். பிள்ளைகளை எங்களிடம் கொடுத்துவிட்டு, குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நீங்கள் போய்வரலாம். குடத்தையும் நாங்களே நிரப்பி வைக்கிறோம்.